விளக்கு வைப்பதற்குள் சேர்க்க வேண்டிய ஹால் டிக்கெட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், ஆவி, அற்புதம் எதிலும் நம்பிக்கை இருந்ததில்லை. முப்பத்திரண்டு வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவள் நான். என் மாமியாருக்கு ஆடி மாதம் சாமி வரும், அவர் ஆடி முடிக்கும்வரை தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். வேலை பார்ப்பதோ கத்தோலிக்க சிஸ்டர்கள் நடத்தும் பெண்கள் பள்ளியில், அங்கே ஜெபமாலை சொல்லிக் காய்ச்சல் போனது, நவநாள் வைத்து வேலை கிடைத்தது என்று வாரம் ஒரு கதை வரும், அதற்கும் அப்படியா சிஸ்டர் என்று தலையாட்டிவிட்டுப் பேப்பர் திருத்தப் போய்விடுவேன். இரண்டு பக்கத்துச் சாமிகளும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை, நானும் அவர்களைத் தொந்தரவு செய்ததில்லை.

இந்த மாதிரிக் கதை என்றால் அமாவாசை, நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு நடந்தது வெயில் தாழ்கிற நேரம், மணி ஐந்து, ஐந்தரை இருக்கும். அதிலும் அது நடந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் கேட்டு முடித்துவிட்டுச் சிரியுங்கள்.

பள்ளி ராஜபாளையத்தில், என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கன்னியாஸ்திரி, பஞ்சாலை வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைச் சேர்த்து ஓலைக் கொட்டகையில் ஆரம்பித்த பள்ளி அது. அவரைப் பெரிய மதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், வராண்டாவில் அவர் படம் இருக்கிறது, கண்டிப்பான முகம். அவர் வைத்த பழக்கம் ஒவ்வொன்றும் இன்னும் நடக்கிறது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மூவேளை ஜெப மணி அடித்தால் எந்த மதத்துப் பிள்ளையானாலும் நடக்கிறவள் நின்றுவிட வேண்டும், சோதனைக் குழாயைப் பிடித்திருந்தால் பிடித்தபடி நிற்க வேண்டும், எத்தனை தடவை எனக்குச் செய்முறைப் பாடம் அதனால் கெட்டிருக்கிறது தெரியுமா. அக்டோபர் மாதம் மாதா சிலை, சுரூபம் என்பார்கள், ஒரு நாளைக்கு ஒரு வகுப்பு என்று சுற்றி வரும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போய்விட, மீதிப் பேருக்கு நன்னெறி வகுப்பு, அதை என் தலையில் கட்டி ரொம்ப வருஷம் ஆகிறது.

இந்தப் பழக்கங்களில் ஒன்றுதான் விஷயம். பொதுத் தேர்வுக்கு முந்தின நாள் காலையில் எல்லாருடைய ஹால் டிக்கெட்டையும் ஒரு பனையோலைக் கூடையில் போட்டுப் பீடத்தின் மேல் வைத்துப் பூசை நடக்கும். முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக வந்து கூடைக்குள் கைவிட்டு ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். தன்னுடையதே வந்தால் திரும்பப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும். அடுத்தவள் டிக்கெட்டைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அன்றைக்கு அவளுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும், மறுநாள் காலை பள்ளி வாசலில் அவளைத் தேடிக் கையில் கொடுக்க வேண்டும். பெரிய மதர் காலத்தில் பரீட்சைக்கு முந்தின நாள் கல்யாணப் பேச்சு, கதிரறுப்பு, பயம் என்று பிள்ளைகள் நின்றுவிடுவார்களாம். என் கையில் இன்னொருத்தி டிக்கெட் இருக்கிறது, நான் போகாவிட்டால் அவளும் எழுத முடியாது என்றால் எந்தப் பிள்ளையும் நிற்காது, எந்த அப்பனும் நிறுத்த யோசிப்பான். பக்தி பாதி, தந்திரம் பாதி. பெரிய மதரிடம் எனக்குப் பிடித்ததே அந்தத் தந்திரம்தான்.

பூசைக்கே வராத பிள்ளை இருந்தால் அவளுடைய டிக்கெட்டைக் கூடையில் போட மாட்டார்கள். வகுப்பு டீச்சர் கையில் கொடுத்துவிடுவார்கள். அதை அன்றைக்கே, விளக்கு வைப்பதற்குள், அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் கையில் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பக் கூடாது, இன்னொருவரிடம் கொடுத்துவிடக் கூடாது. அது எழுதாத சட்டம்.

போன வருஷம் அப்படி மிச்சமானது மாரிச்செல்வி என்ற பிள்ளையின் டிக்கெட். தேவதானத்துப் பிள்ளை, அப்பா கருப்பசாமி மாந்தோப்புக் காவல்காரர். நன்றாகப் படிப்பாள், அரையாண்டில் என் பாடத்தில் அவள்தான் முதல். பொங்கல் லீவுக்குப் பிறகு ஆளைக் காணோம். பஸ்ஸில் யாரோ ஒரு பையனோடு பேசினாள் என்று ஊரில் எவனோ வத்தி வைத்துவிட்டானாம், அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு, படித்தது போதும் என்று அவளை அம்மாவோடு பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்கு அனுப்பிவிட்டார். செய்முறைத் தேர்வுக்கு மட்டும் அம்மா எப்படியோ சமாளித்துக் கூட்டிவந்தாள். கருப்பசாமிக்கு நான் எத்தனை தடவை போன் செய்தாலும் எடுக்கவே மாட்டார்.

அன்றைக்கு இருந்த என் நிலைமையையும் சொல்ல வேண்டும், சாக்கு என்று நினைத்தாலும் பரவாயில்லை. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பகலில் பக்கத்து வீட்டுப் பாக்கியம் வந்து பார்த்துக்கொள்வாள், ராத்திரி முழுக்க நான். புரட்டிப் போட வேண்டும், துடைக்க வேண்டும், அவர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டினால் எழுந்திருக்க வேண்டும். பகலில் பள்ளியில் செய்முறை மதிப்பெண் ஏற்று, போனில் வருகைப்பதிவு ஏற்று, அது ஏறாவிட்டால் மறுபடி ஏற்று. தூக்கம் என்பது எனக்கு வேறு யாரோ சாப்பிடுகிற பலகாரம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. நின்றுகொண்டே தூங்குவேன், கரும்பலகையில் சமன்பாடு எழுதும்போது சாக்பீஸ் கீழே இழுத்துக்கொண்டு போகும், பிள்ளைகள் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும், அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கும்.

தலைமை சிஸ்டர் மாரிச்செல்வி டிக்கெட்டை என் கையில் கொடுத்து, "போய்ட்டு வந்துருங்க டீச்சர்" என்றார். சரி சிஸ்டர் என்றேன். அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். டிக்கெட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்றரை மணிக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். இரண்டு பஸ்ஸும் நின்றன. தேவதானம் போகிற பஸ் ஒரு பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஒரு பக்கம். தேவதானம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம்கூட இருந்தது. போய்ச் சேர ஐந்தாகும், அந்த மனிதரோடு மல்லுக்கட்ட ஒரு மணி நேரம், திரும்பி இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வர எட்டரை, ஒன்பது ஆகும், பாக்கியம் நாலரைக்குப் போய்விடுவாள். இதையெல்லாம் கணக்குப் போட்டேன் என்று சொன்னால் பொய். பாக்கியத்திடம் கேட்டிருந்தால் அவள் இருந்திருப்பாள். உண்மை என்னவென்றால் எனக்குப் படுக்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். கால் தானாக ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறியது. இப்போதெல்லாம் ஹால் டிக்கெட்டை நெட்டில் எடுத்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம், காலையில் வந்தால் பார்த்துக்கொள்ளலாம், வராவிட்டால் அது அவள் தலையெழுத்து என்று மனசு சொன்னது. ஆமாம், அப்படியே சொன்னது.

வீட்டுக்கு வந்தேன், பாக்கியம் போனாள், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன், அவருக்குக் காபி கொடுத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாயை விரித்துச் செத்த நேரம் கண்ணை மூடலாம் என்று படுத்தபோது மணி நாலே முக்கால். விழித்தபோது வீடு இருட்டாக இருந்தது, ஏழே முக்கால். மூன்று மணி நேரம் அப்படித் தூங்கியது அந்த இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான். அவர் டம்ளரைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார், நான் எழுந்திருக்கவில்லை, படுக்கை நனைந்திருந்தது. அவர் மேலே பார்த்தபடி கிடந்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே துணியை மாற்றினேன்.

மறுநாள் காலை எட்டரைக்குப் பள்ளி வாசலில் நின்றேன். முதல் தேர்வன்று பிள்ளைகள் டிக்கெட்டை மாற்றிக்கொள்ளும்போது பக்கத்தில் நின்று யாருக்கும் விட்டுப்போகாமல் பார்ப்பது என் வேலை. அந்த நேரத்து இரைச்சலைக் கேட்க வேண்டும், ஒருத்தி பெயரை ஒருத்தி கூப்பிட்டு, தேடிக் கண்டுபிடித்து, கையில் கொடுத்து, நெற்றியில் சிலுவை போட்டு, திருநீறு பூசி, அவரவர்க்குத் தெரிந்தது. மாரிச்செல்வி டிக்கெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று பையைத் திறந்தேன். இல்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சுவர் மேல் வைத்துப் பார்த்தேன், மாத்திரை அட்டை, குடை, மருந்துச் சீட்டு, சில்லறை, சீப்பு, எல்லாம் இருந்தது, அது இல்லை.

அப்போது ஒரு மொபட் வந்து நின்றது. கருப்பசாமி ஓட்டிவந்தார், பின்னால் மாரிச்செல்வி, தலைக்குக் குளித்து, யூனிபார்ம் போட்டு. இறங்கி என்னிடம் ஓடிவந்தாள். கையில் ஹால் டிக்கெட். பிரதி இல்லை, அசல். முந்தின நாள் தலைமை சிஸ்டர் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்து, அவர் விரலிலிருந்து பூசைத் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்து ஓரத்தில் மை கலைந்திருந்ததே, அதேதான்.

யார் கொடுத்தா என்று கேட்டேன். அவள் சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"நீங்கதான டீச்சர் நேத்து வந்து குடுத்தீய. எங்கப்பாட்ட எம்புட்டு நேரம் பேசுனீய."

நான் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். நீங்கள் வெயில் தாழ வந்தீர்கள், வீட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள், கண்ணாடி போடாமல் வந்திருந்தீர்கள், அப்படியும் ஹால் டிக்கெட்டில் இருந்த சின்ன எழுத்தையெல்லாம் நீங்களே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினீர்கள், பக்கத்து வீட்டு அத்தையெல்லாம் வந்து நின்று கேட்டார்கள் என்றாள். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குப் பஸ் போர்டே தெரியாது, இருபது வருஷமாக அப்படி.

"வகுப்புல இருக்க மாதிரியே இல்ல டீச்சர். சிரிச்ச மொகமா இருந்தீய. அசதியே இல்ல."

அவளை உள்ளே போகச் சொன்னேன். நெற்றியில் ஏதாவது வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கருப்பசாமி வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். கறுத்து மெலிந்த மனிதர், என்னைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். போனில் ஆறு வாரமாக என்னைத் தவிர்த்தவர், எனக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றார். டீச்சரம்மா, நான் முரடன்தான், நேற்று நீங்கள் வந்தபோதுகூட முதலில் எதுவும் காதில் ஏறவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒங்க தங்கச்சி கதையச் சொன்னீயல்லா, அதுக்குப் பொறவுதான் எனக்கு மனசு கேக்கல. அந்த அரிசிப் பானை சமாச்சாரத்த நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் தாயீ, பயப்படாதீய."

வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெயில், டீச்சருக்கு மயக்கம் என்று யாரோ சோடா வாங்கி வந்தார்கள்.

அந்த அரிசிப் பானை என்ன என்று உங்களுக்குச் சொல்கிறேன். அதுவரைக்கும் உயிரோடு இருந்தவர்களில் அது தெரிந்தது நான் ஒருத்திதான், என் கணவருக்குக்கூடத் தெரியாது.

நானும் அதே பள்ளியில்தான் படித்தேன், என் தங்கை கோமதியும். என்னைவிட இரண்டு வயது இளையவள், என்னைவிடக் கெட்டிக்காரி, இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. நான் பிளஸ் டூ, அவள் பத்தாவது. பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது வன்னியம்பட்டியிலிருந்து அவளுக்கு மாப்பிள்ளை வந்தது, நிலம் உள்ள குடும்பம், பெரியவள் படிக்கட்டும், சின்னவள்தான் வேண்டும் என்றார்கள். அப்பா அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். அவள் தினமும் அழுதாள், பரீட்சை மட்டும் எழுதிக்கொள்கிறேன் என்று. முந்தின நாள் பூசைக்கு அவளை விடவில்லை. அவளுடைய வகுப்பு சிஸ்டர் காய்ச்சலோடு வந்திருந்தார், அதனால் சட்டத்தை மீறி, வீட்டுக்குத்தானே போகிறாய், விளக்கு வைப்பதற்குள் அவள் கையில் கொடு என்று என்னிடம் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டார். கையில் கிடைத்தால் கோமதி எப்படியும் ஓடிவந்து எழுதிவிடுவாள், அது எனக்குத் தெரியும். அம்மா என்னை அடுப்படியில் மறித்துக்கொண்டு சொன்னாள், இவள் போய் எழுதி அங்கே சம்பந்தம் முறிந்தால் உன் அப்பா உன்னையும் சேர்த்து நிறுத்திவிடுவார், யோசித்துக்கொள் என்று. நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. டிக்கெட்டை மடித்து அரிசிப் பானைக்குள் கையை முழங்கைவரை விட்டு அடியில் புதைத்தேன். பரீட்சை முடிந்த பிறகு வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

நான் காலேஜ் போனேன், டீச்சர் ஆனேன். அவள் வன்னியம்பட்டிக்குப் போனாள். அவளுக்குத் தன் டிக்கெட் வந்ததே தெரியாது. சிஸ்டர்மார் தன்னைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பழைய மாணவிகள் கூட்டத்துக்கு எத்தனை தடவை கூப்பிட்டாலும் வர மாட்டாள், அவிய என்னய மறந்துட்டாவ அக்கா, நான் எதுக்கு வரணும் என்பாள். நாற்பது வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டு அவள் வீட்டில் காபி குடித்திருக்கிறேன்.

சரி, போன வருஷத்துக்கு வருகிறேன். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டேன், நேற்று நான் எங்கேயாவது எழுந்து போனேனா என்று. அவருக்குப் பேச்சு குழறும், புத்தி தெளிவு. ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"எங்க போன? இங்கனதான் கெடந்த. ஒரே கொறட்டை."

தூக்கத்தில் நடக்கிற வியாதி என்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன், சொன்னேனே, நம்புகிற ஆள் இல்லை. ஆனால் தூக்கத்தில் நடக்கிறவள் இரண்டு பஸ் மாறித் தேவதானம் போய், ஒரு முரட்டு மனிதனைச் சமாதானப்படுத்திவிட்டு, இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்து, உள்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, ஏழே முக்காலுக்குப் பாயில் கிடக்க முடியாது. கண் முன்னால் கிடந்து குறட்டை விட்டேன் என்று ஒரு மனிதர் சொல்கிறார், அவர் படுக்கை நனைந்ததே அதனால்தான். மாரிச்செல்வி பக்கத்து வீட்டுக்காரர்களிடம்கூட அப்புறம் ஒரு நாள் போய் நைசாக விசாரித்தேன், எல்லோரும் என்னை நன்றாக அடையாளம் கண்டு, வாங்க டீச்சர், அன்னைக்கு மாதிரி இல்லையே, மேலுக்கு முடியலையா என்றார்கள். மாரிச்செல்வி நல்ல மார்க் வாங்கி இப்போது மதுரையில் நர்சிங் படிக்கிறாள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நன்றி சொல்லி எனக்கு அவள் கொண்டுவந்த பழத்தை வாங்கும்போது கை கூசியது, அது என் பழம் இல்லை.

இந்த வருஷம் பள்ளிக்கு விழா மலர் போடுகிறார்கள். பள்ளியின் வரலாறும் பழக்கவழக்கங்களும் என்று ஒரு கட்டுரை வேண்டும், நீங்கள்தான் இங்கேயே படித்து இங்கேயே வேலை பார்ப்பவர் என்று தலைமை சிஸ்டர் என்னிடம் தள்ளிவிட்டார். ஓலைக் கொட்டகை, பெரிய மதர், ஜெப மணி எல்லாம் தடையில்லாமல் எழுதினேன். ஹால் டிக்கெட் பழக்கம் வந்தது. வராத பிள்ளையின் டிக்கெட்டை விளக்கு வைப்பதற்குள் என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. மூன்று நாள் அந்த வரியிலேயே கிடந்தேன். நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பாக்கியத்தை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு வன்னியம்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

கோமதி வாசலில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கதிரை எடுத்துக்கொண்டேன், முகத்தைப் பார்க்காமல் பேசலாம் அல்லவா. சொன்னேன். சிஸ்டர் டிக்கெட் கொடுத்தது, அம்மா சொன்னது, பானை, அடுப்பு, எல்லாம். சொல்லி முடிக்கும்போது என் கையில் கதிர் அப்படியே இருந்தது, ஒரு மணிகூட உதிர்க்கவில்லை. என்னைத் திட்டுவாள், எழுந்து உள்ளே போய்விடுவாள், மூஞ்சியில் முழிக்காதே என்பாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் வந்திருந்தேன்.

அவள் கோபப்படவே இல்லை. என்னை ஒரு மாதிரி, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இதத்தான் போன வருசமே வந்து சொல்லிட்டியே அக்கா. மறுநாள் பிளஸ் டூ பரிச்சைன்னு சொன்னே. அந்தா, அங்கனதான் ஒக்காந்திருந்தே."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். வெயில் தாழ, விளக்கு வைக்கிறதுக்குக் கொஞ்சம் முந்தி என்றாள். அதே நாள், அதே நேரம், தேவதானத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிக்கெட்டை வாசித்துக் காட்டியவளும் நான்தான், இங்கே இவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளும் நான்தான், அங்கே பாயில் குறட்டை விட்டவளும் நான்தான். யார் யார் எங்கே என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

கோமதி மறுபடி கதிரை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு உன்னைத் திட்டாத திட்டு இல்லை, வாயில் வந்ததெல்லாம் சொன்னேன், செருப்பைக்கூட எடுத்துவிட்டேன், நீ அசையாமல் கேட்டுக்கொண்டு இருந்தாய், ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, அப்புறம்தான் மனசு ஆறியது என்றாள். சாவகாசமாக, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். அப்புறம் நானே எதிர்பாராத ஒன்றைச் சொன்னாள்.

"போகும்போது நீயேதான சொன்னே. இன்னொரு நா வருவேன் கோமதி, இதையே மறுபடி சொல்லுவேன், அப்ப ரொம்ப அசந்துபோயி வருவேன், திட்டிராதன்னு. அதான் ஒண்ணும் சொல்லல."

கட்டுரையை முடித்துக் கொடுத்துவிட்டேன், மூன்று பக்கம், அந்த வரி மட்டும் அதில் இல்லை. அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறேன். யார் வந்தது, ஏன் வந்தது என்று யோசிப்பதை விட்டுவிட்டேன், எனக்கு அதற்குத் தெம்பு இல்லை. ஆனால் ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை வன்னியம்பட்டியில் நான் கோமதி கையைப் பிடித்துக்கொண்டு, ஏட்டி, எனக்காக ஒரு தடவை திட்டேன், அன்னைக்குத் திட்டியதை அப்படியே திட்டு என்று கேட்டேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு, அதெல்லாம் ஒரு தடவைக்கு மேல் வராது அக்கா என்றாள். எழுந்து போய் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.